மேர்வினின் மூன்றாம் பாட்டு

காரின் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் மேர்வின் பாட்டுப்பெட்டியின் பட்டனை அழுத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் பாட்டு தொடங்கியதும் சத்தத்தைப் பன்னிரண்டில் நிறுத்துவார். பதினொன்றில் வைத்தால் பழகுகிறவரின் நெஞ்சிடிப்பு பாட்டுக்கு மேலால் கேட்குமாம். பதின்மூன்றில் வைத்தால் பின்னால் வரும் அம்புலன்ஸ் கேட்காதாம். பிறகு பெல்ட்டை மாட்டுவார். தன் காலடியில் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது பாதத்தை ஒரு விரற்கடை உயரத்தில் தூக்கி வைப்பார். கைகளை மடியில் போட்டுக்கொண்டு, "சரி அக்கா, வெளிக்கிடுவம்" என்பார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு இடது, வலது, நேர் என்ற மூன்று சொல்லைத் தவிர அவரிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது.

வயது ஐம்பத்து நான்கு. தெற்கு லண்டனில் சட்டனிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தமிழர்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவர். இளவட்டங்களும் வருவார்கள். ஆனால் அவர் பெயர் பரவியிருப்பது ஐம்பது தாண்டிய பெண்களிடையே. அவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கணவரிடம் பழகத் தொடங்கி, அரை மணி நேரத்தில் அழுதுகொண்டு இறங்கியவர்கள். மேர்வின் கத்த மாட்டார் என்ற செய்தி கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் வாய்வழியாகவே போயிருக்கிறது. அவருக்கு விளம்பரம் என்று வேறு எதுவும் இல்லை.

"காலுக்கும் காது இருக்குது அக்கா. நான் கத்தினால் அது பிறேக்கை விட்டிட்டு மற்றதைத்தான் மிதிக்கும்" என்பார். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாள் சொல்லும் ஒரே உபதேசம் இதுதான்.

அந்த வலது பாதம் காரை விட்டு இறங்கினாலும் வேலையை விடாது. தொலைக்காட்சியில் யாராவது வேகமாக ஓட்டினால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் கம்பளம் மிதிபடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் பாதம் முன் பெஞ்சின் முழந்தாள் பலகையை மெல்ல அழுத்தும். பிரசங்கம்தான் நிற்பதில்லை.

பாட்டு காரோடு வந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் குரோய்டனில் ஒருவரிடம் வாங்கிய கார். ஜப்பானில் ஓடி, கப்பலேறி வந்து, இங்கே இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கியது. வேகமானியை மைலுக்கு மாற்றினார்கள். இரண்டாவது பிரேக்கைப் பொருத்தினார்கள். பாட்டுப்பெட்டியை ஒருவரும் கவனிக்கவில்லை. அதிலுள்ள ரேடியோ ஜப்பானிய அலைவரிசைக்காகச் செய்தது. லண்டனில் அதைத் திருகினால் பெரும்பாலும் இரைச்சல்தான். உள்ளே ஒரு சிடி சிக்கிக் கிடந்தது. மேர்வின் வெண்ணெய் பூசும் கத்தி முதல் புருவம் பிடுங்கும் குறடு வரை விட்டுப் பார்த்தார். வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்த அந்தச் சிடி, பாடச் சொன்னால் மட்டும் சொன்ன நேரத்துக்குப் பாடியது.

மொத்தம் பதினொரு பாட்டுகள். யாரோ ஒரு ஜப்பானிய ராக் குழு. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி முறைப்பாடு சொல்வதுபோல ஒரு ஆண் குரல் தொடங்கும். கிற்றார் வந்து சேர்ந்ததும் முறைப்பாடு கொஞ்சம் தளரும். டிரம்ஸ் இறங்கியதும் அந்த ஆள் எழுந்து நிற்கிறான் என்று நமக்கே தெரியும். பல்லவிக்கு எல்லோரும் சேர்ந்து கைதட்டிக் கத்துவார்கள். கத்தல்தான், ஆனால் கோபமில்லாத கத்தல். ஒரு சொல் விளங்காவிட்டாலும் கேட்கிறவரின் முதுகு தானாக நிமிரும்.

விளங்காததுதான் விசேஷம் என்பது மேர்வினின் கட்சி. தமிழ்ப் பாட்டைப் போட்டால் அக்காமார் ஊருக்குப் போய்விடுகிறார்கள், கார் மட்டும் சட்டனில் நிற்கிறது. ஆங்கிலப் பாட்டைப் போட்டால் சொல் பிடிக்க முயன்று சந்தியைத் தவற விடுகிறார்கள். ஜப்பான்காரன் மூளையிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே ஏழாம் பாட்டைத் தவிர மற்றப் பத்துக்கும் பத்து வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார். முதலாம் பாட்டு நேர்த் தெருவில் கியர் மாற்றிப் பழகுவதற்கு. ஐந்தாம் பாட்டு முடிவதற்குள் இரண்டு கார்களுக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்திவிட வேண்டும். ஏழாம் பாட்டு மெதுவானது, அதைத் தாண்டிவிடுவார். ஒருமுறை அதைக் கேட்டு உருகிய ஒரு அக்கா சீம் என்ற இடத்து ஏற்றத்தில் பதினெட்டு மைல் வேகத்தில் போக, பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூன்றாம் பாட்டு கிளம்புவதற்கும், சுற்றுவட்டங்களுக்கும், பயம் கூடிய நாட்களுக்கும்.

குழுவின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஜதுர்ஷிகா என்ற பத்தொன்பது வயது மாணவி, ஜப்பானியக் கார்ட்டூன்கள் பார்த்தே அந்த மொழியைப் பாதி பழகியவள், முதல் நாளே இருக்கையில் துள்ளினாள். "அங்கிள், இவங்கள் அங்க சரியான பேமஸ்! ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட் எல்லாத்திலயும் இவங்கட சோங்ஸ்தான். நேம் சொல்லட்டா?"

"சொல்லாதை பிள்ளை" என்றார் மேர்வின். "பேர் தெரிஞ்சால் பிறகு படம் பாக்க வேணும். படம் பாத்தால் அவங்கள் அடிபட்டுப் பிரிஞ்ச கதையும் வாசிக்க வேணும்."

பெயரை விட்டுவிட்டாள். மூன்றாம் பாட்டின் கருத்தை மட்டும் கேட்காமலே சொன்னாள். கடைசியாய் வந்தாலும் பரவாயில்லை, வா, உனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பாடுகிறார்களாம். மேர்வின் அடுத்த சந்தியில் "இடது" சொல்ல மறந்துபோனார். ஜதுர்ஷிகா நேரே போய், இருவரும் ஒரு மரக்கடை வளவுக்குள் நின்றார்கள்.

அவர் மறந்ததற்குக் காரணம் செல்வமலர்.

செல்வமலர் அவருடைய மனைவி. வாலிங்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை. கார் பழக்குவதற்கான பச்சை அனுமதி அட்டையை மேர்வின் கண்ணாடியில் ஒட்டிய முதல் மாதத்தில் முதல் மாணவியாக அவரைத்தான் ஏற்றினார். ஆறாவது பாடம் ரோஸ்ஹில் சுற்றுவட்டம். வலப்பக்கத்திலிருந்து ஒரு வான் வந்தது. செல்வமலர் அதைக் கண்டாரா இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து "நீர்" என்றே மனைவியை அழைத்துவந்த மேர்வின், அன்று தொண்டை கிழியக் கத்தினார்: "பிறேக்கை மிதியடி விசரி!"

செல்வமலர் மிதித்தார். கார் நடு வட்டத்தில் நின்றது. கைப்பிரேக்கை இழுத்தார், பெல்ட்டைக் கழற்றினார், கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். வலது பார்த்து, இடது பார்த்து, திரும்பவும் வலது பார்த்துத் தெருவைக் கடந்து, 154ஆம் நம்பர் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார். சாரதி இல்லாத காரில் மேர்வின் இடப்பக்க இருக்கையில் தனியாக இருந்தார். நாலு பக்கமும் ஹோர்ன். பாட்டுப்பெட்டியில் மூன்றாம் பாட்டு, எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிற இடம். இவர் வயிற்றை இழுத்துக்கொண்டு கியர் தண்டுக்கு மேலால் மற்றப் பக்கம் ஏறி விழுவதற்குள் 154 வந்து போய்விட்டது.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவும் குரக்கன் புட்டும் மீன்குழம்பும்தான். ஆனால் அதற்குப் பிறகு செல்வமலர் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்ததில்லை, இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. பின்கதவைத் திறந்து ஏறிக்கொள்வார். தினமும் இரண்டரை மணிக்கு மேர்வின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் போய் நிற்க, மனைவி பின்னால் ஏற, வாடகைக் கார் மாதிரி இருவரும் வீட்டுக்கு வருவார்கள். ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "கோபம் ஒண்டும் இல்லையப்பா. பின்னுக்குக் கால் நீட்டலாம்" என்றார். அப்போது எடுத்த பழகுநர் லைசென்ஸ் அட்டை மட்டும் இன்னும் அவருடைய கைப்பையில் இருக்கிறது. போஸ்ட் ஒபீஸில் பார்சல் எடுக்கும்போது காட்டுவதற்காம்.

மேர்வின் கத்துவதை நிறுத்தியது அன்றுதான். ஊர் மெச்சும் அந்தப் பொறுமை பிறவிக் குணம் அல்ல; வெட்கம். ஒன்பது வருடங்களில் நூறு பேருக்கு மேல் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் ஆசைப்பட்டது செல்வமலர் ஒருமுறை முன்கதவைத் திறக்க வேண்டும் என்றுதான். எப்படிக் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை. மாணவிகள் "உங்கட மனிசியும் ஓடுறவவோ?" என்று விசாரித்தால், "அவவுக்கு பஸ்தான் விருப்பம்" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைப் பதின்மூன்றுக்கு ஏற்றுவார்.

இப்படியிருக்கையில் போன வருடம் அருமைநாயகி வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்பது. கணவர் குலசேகரம் நீரிழிவில் கண் மங்கி, தன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண் கிளினிக்குக்கு மாதம் இரண்டு தடவை போக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், ஒவ்வொரு படியாகக் கை பிடித்து இறக்க வேண்டும். போன மாரியில் ஒரு தடவை இருவரும் சேர்ந்து வழுக்கி விழுந்தார்கள். "முப்பது வருசம் அவர் ஓட்ட நான் பக்கத்தில இருந்து பேச்சு வாங்கினன், தம்பி. இனி நான் ஓட்ட அவர் பக்கத்தில இருக்கட்டும்" என்றார் அருமைநாயகி.

மூன்றாம் பாட்டு ஓடினால் அந்த அம்மா தண்ணீர் மாதிரி ஓட்டினார். லைசென்ஸ் சோதனைக்குப் போனால் மட்டும் கல்லாகிவிடுவார். சோதனையில் பாட்டு இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் மூச்சு விடுகிற சத்தமும் பேனா கீறுகிற சத்தமும்தான். நாலு தடவை போனார், நாலு தடவையும் தோற்றார். நாலும் மரக்கறிக்கடைக் கலண்டரில் ராகுகாலம் பார்த்து எடுத்த நேரங்கள். மேர்வின் கத்தோலிக்கர் என்றாலும் அவருடைய டாஷ்போர்ட் அறைக்குள் அந்தோனியார் படத்தோடு ஒரு ராகுகாலப் பட்டியலும் கிடக்கும். தொழில் என்றால் எல்லாம் வேண்டும்.

ஐந்தாவது நேரம் யாரோ கைவிட்டதால் தற்செயலாகக் கிடைத்தது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து பதினாலு. அதை விட்டால் அடுத்தது ஐந்து மாதம் கழித்து. அருமைநாயகி பட்டியலைப் பார்த்தார். வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு.

"ஏலாது தம்பி. வெளிக்கிட்டுப் பதினாறு நிமிசத்தில ராகு பிடிச்சிடும்."

மேர்வின் கொஞ்சம் யோசித்தார். "அக்கா, இந்தக் கலண்டர் எங்க அடிச்சது?"

"கொழும்பில."

"அப்ப இது கொழும்பு ராகு. அங்க பத்தரை எண்டால் இஞ்சை விடிய அஞ்சு மணி. நீங்கள் எழும்பிப் பல்லுத் தீட்டி முடியேக்கை அவர் வந்திட்டுப் போயிடுவார்."

அருமைநாயகி விரல் விட்டு ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது. அப்படியானால் முதல் நாலு தடவையும் கொழும்பு நேரத்துக்கல்லவா நாள் பார்த்தோம் என்று அந்த அம்மாவுக்கு ஒரே கவலையும் நிம்மதியும். சம்மதித்துவிட்டார்.

ராகுவைச் சமாளித்தாயிற்று, மௌனத்தை என்ன செய்வது? சோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேர்வின் பாட்டை நிறுத்தினார். பாட்டில்லாத காரில் ரோஸ்ஹில் சுற்றுவட்டத்துக்குள் நுழைந்ததும் அருமைநாயகியின் கைகள் விறைத்தன. கார் தயங்கித் தயங்கி, போன சோதனைகளில் நடந்ததைப் போலவே, நடுவில் நின்றது. ஹோர்ன் அடித்தார்கள். மேர்வினுக்குப் பழைய நாள் அப்படியே கண்முன் வந்தது. தொண்டை வரை வந்த சொல்லை விழுங்கினார். என்ன செய்வதென்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அப்போது அருமைநாயகி முனகத் தொடங்கினார். முதலில் வாய்க்குள். பிறகு கொஞ்சம் உரக்க. மூன்றாம் பாட்டு. ஜப்பானியச் சொல் ஒன்றும் சரியில்லை, ராகத்திலும் கொஞ்சம் தேவாரம் கலந்திருந்தது. ஆனால் டிரம்ஸ் இறங்குகிற இடத்தில் பெருவிரலால் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். காரும் புறப்பட்டது. மேர்வின் இதை ஒன்பது வருடங்களாக யோசித்ததே இல்லை. சிடி பெட்டிக்குள் சிக்கிக் கிடந்ததால், பாட்டும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து பதினாலுக்குக் கார் புறப்பட்டது. பரிசோதகர் உயரமான, கண்ணாடி போட்ட ஒரு பெண். மேர்வின் வெளியே நின்றார். காத்திருப்பு அறையில் இருக்க முடியாமல் வாகனத் தரிப்பிடத்தின் வேலியோரம் நாற்பது நிமிடம் நின்று, நிலத்தைப் பாதத்தால் அழுத்திக்கொண்டேயிருந்தார். கார் திரும்பி வந்து கோடுகளுக்கு நடுவில் நின்றபோது கண்ணாடிக்குள் அருமைநாயகியின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

பரிசோதகர் இறங்கி வந்தார். தேறிவிட்டார், சின்னத் தவறுகள் நாலுதான் என்றார். பிறகு தயங்கி, அந்த அம்மா வழி நெடுகப் பாடியது எந்தக் கோயில் பாட்டு என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மேர்வின் அந்தோனியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அது மிகப் பழைய ஒரு பாட்டு என்றார்.

வழக்கமாகச் சோதனை முடிந்ததும் மேர்வின்தான் ஓட்டிக்கொண்டு போய் விடுவார். அருமைநாயகி இருக்கையை விட்டு அசையவில்லை. "நீங்கள் அங்காலை ஏறுங்கோ" என்றார். வழியில் சிரித்தார், அழுதார், குலசேகரத்துக்குப் போன் எடுக்கச் சொன்னார், எடுத்தால் அவர் பேச்சுக்கு மேல் பேச்சாக வழி சொல்லுவார் என்று வேண்டாமென்றார். கார்ஷால்டனில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கேட்டார்:

"உங்கட மனிசிக்கும் இந்தப் பாட்டைப் போட்டுத்தானே பழக்கினியள்?"

மேர்வினின் கை சத்தம் கூட்டும் பட்டனுக்குப் போனது. பாட்டு ஓடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இல்லை அக்கா" என்றார். "அவவுக்கு நான் கத்தினனான். நடு ரோட்டில. அதோட அவ இறங்கிப் போட்டா."

இதை அவர் வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அருமைநாயகி பெல்ட்டைக் கழற்றினார். சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஆறுதல் சொல்வார் என்று மேர்வின் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எங்கட அவரும் வெளியாக்களோட சரியான மரியாதைதான், தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கி, வீட்டுக்குள் போய்விட்டார்.

அது சுட்டது. பகல் முழுவதும் சுட்டது. பதினொன்றரைக்கு இருந்த பாடத்தில் இரண்டு தடவை "வலது" என்பதற்குப் பதிலாக "இடது" என்றார். மத்தியானச் சாப்பாட்டைப் பொட்டலம் பிரிக்காமல் வைத்துவிட்டார்.

இரண்டேகாலுக்கே வாலிங்டன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தினார். அகலமான, அமைதியான தெரு. எஞ்சினை அணைத்தார். சாவியைப் பிடுங்காமல் விட்டு இறங்கி, காரைச் சுற்றி மறுபக்கம் வந்து இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டார். ஒன்பது வருடங்களுக்கு முன் தனியாக விடப்பட்ட அதே இருக்கை, பக்கத்தில் அதே வெறும் சாரதி இருக்கை. பட்டனை மூன்று தடவை அழுத்தினார். சத்தம் பன்னிரண்டு.

இரண்டரைக்குச் செல்வமலர் வந்தார். தலையில் சமையலறைத் தொப்பி பதிந்த அடையாளம், கையில் சோற்றுப்பெட்டிப் பை. வழக்கம்போலப் பின்கதவின் பிடியில் கையை வைத்தார். அப்போதுதான் சாரதி இருக்கையைப் பார்த்தார். பிறகு மேர்வினைப் பார்த்தார். பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. பாட்டில் அந்த ஆள் இன்னும் முறைப்பாடுதான் சொல்லிக்கொண்டிருந்தான், டிரம்ஸ் வரவில்லை.

மேர்வின் குனிந்து இரண்டு சப்பாத்தையும் கழற்றினார். வலது பாதத்தைப் பிரேக்கிலிருந்து எடுத்தார், இடதையும் எடுத்தார். ஐம்பத்து நான்கு வயது முழங்கால்கள் முறைப்பாடு சொல்லச் சொல்ல, வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் பிரேக்குக்கு எட்டாதபடி இருக்கையின் மேல் தூக்கி மடித்துச் சம்மணம் கட்டி உட்கார்ந்தார்.